நல்ல மண்ணாகப் பார்த்து வெட்டினேன்

ஹைதராபாத்
4.8.2024

அண்ணனுக்கு,

ஃபோனை எடுத்தால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். நேற்று நீ பாதியில் வைத்துவிட்டாய், அதற்கு முந்தின தடவை நான் வைத்தேன். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த நம் ஊர்க்காரர்களின் குடியேற்றச் சங்கத்து மனைக்கட்டு மண் எங்கள் லேபுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பரிசோதித்து, நிலம் நடுங்கினாலும் இந்தத் தரை வீடுகளைத் தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் சொந்தக்காரர்கள் குடிபோகப் போகிற இடம் என்று சீஃபிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் இன்னும் ஜாக்கிரதையாகச் செய்வாய்" என்றார் மனுஷன். ஜாக்கிரதையாகத்தான் செய்தேன். அதுதான் வம்பாகப் போயிற்று.

சாக்கு சுற்றி, மெழுகு பூசி வந்த கட்டியைப் பிரித்து ஓரத்தைச் சீவினேன். உள்ளே வரி வரியாக இருந்தது. வெள்ளை மணல், அதன் மேல் மஞ்சள் வண்டல், மறுபடி மணல். பார்க்க அழகுதான். ஆனால் நம் மனைக்கட்டு பழைய சுரங்கப் பள்ளத்தில் கொட்டி நிரப்பின இடம். மெஷின் பறித்து, கன்வேயர் பெல்ட்டில் ஓடி, ஸ்ப்ரெடர் வாயிலிருந்து பொலபொலவென்று விழுந்த மண் அது. விழும்போது ஷிஃப்டில் நின்று பார்த்தவன் நீ. கொட்டின மண்ணில் இப்படி வரி எப்படி வரும்?

கட்டியை வெட்டிக் கட்டிக் கொடுத்தது நீதான் என்று சைட் இன்ஜினியர் செந்தில்நாதன் சொல்கிறார். எங்கே வெட்டினாய்? ஒரே வரியில் பதில் எழுது, போதும்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் மனை கொடுக்கிற விழா என்று எனக்கும் தெரியும். அதை நினைத்துத்தான் இத்தனை அவசரமாகக் கேட்கிறேன்.

செந்தாமரை


நெய்வேலி
9.8.2024

தங்கச்சிக்கு,

ஒரே வரியில் எழுத நான் என்ன உன் லேபில் டப்பா கழுவுகிறவனா? என் இஷ்டத்துக்குத்தான் எழுதுவேன்.

ஆமாம். சுரங்கத்தில் படிபடியாக வெட்டி இறக்கின இரண்டாவது பெஞ்சில், இன்னும் பறிக்காமல் நிற்கிற சுவரில் வெட்டினேன். நல்ல மண்ணாகப் பார்த்து வெட்டினேன். அதற்கு என்ன இப்போது? மனைக்கட்டில் குழாயை இறக்கித் தூக்கினால் மண் குழாயிலேயே நிற்கவில்லை, கூழாக வழிந்து ஓடியது. செந்தில்நாதன் சார் சாப்பாட்டுக்கு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தார். வழிந்து ஓடுகிற மண்ணைப் பார்சல் கட்டி அனுப்பினால் நம்ம மானம் என்ன ஆகும்? பள்ளத்தில் கொட்டினதும் இதே சுவரிலிருந்து பறித்த மண்தானே? அதே மணல், அதே வண்டல், அதே நிறம்.

அப்பா பண்ருட்டி மண்டிக்கு முந்திரிக்கொட்டை சாம்பிள் கொண்டு போகும்போது சொத்தைக் கொட்டையையா பொறுக்கிக்கொண்டு போனார்? சாம்பிள் என்றால் இருப்பதில் நல்லதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கிழிந்த பாயையா விரித்தோம்? ஊர் உலகத்தில் நடக்காததை நான் செய்துவிட்ட மாதிரி கேள்வி கேட்கிறாய்.

நீ ஏ.சி. ரூமில் இருக்கிறாய், உனக்கு மறந்து போயிருக்கும். நிலத்தைக் கொடுத்துவிட்டு இந்தத் தகரக் கொட்டகை வரிசைக்கு வந்ததிலிருந்து அம்மா குளிப்பது நாலு பக்கமும் புடவை கட்டின மறைப்பில். காற்று அடித்தால் ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறது. தூரத்தில் கொடுத்த மனையை வேண்டாம் என்று சொல்லி, ரோடும் ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்கட்டும் என்று சங்கத் தலைவனாக நின்று இந்த இடத்தைக் கேட்டு வாங்கினவன் நான். சடையப்பன் மாமா சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "அறிவு சொன்னா சரிப்பா, எனக்கு வேற ரோசன கெடையாது" என்று சொன்ன ஒரு வார்த்தையில் எல்லாரும் கைதூக்கினார்கள். அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

நிலநடுக்கமாம் நிலநடுக்கம். நெய்வேலியில் ஏது நிலநடுக்கம்? பேசாமல் கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

அறிவழகன்


ஹைதராபாத்
13.8.2024

அண்ணனுக்கு,

நெய்வேலியில் ஏது நிலநடுக்கம் என்கிறாய். 2001-ல் பாண்டிச்சேரிக் கடலுக்குள் நடுங்கியதே, மறந்துவிட்டாயா? சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அடுக்குப் பாத்திரம் தடதடவென்று ஆடியது. சோற்றுக் கையோடு என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினவன் நீதான். அப்போது நம் வீடு காலங்காலமாகக் கிடந்த கெட்டித் தரையில் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. அதே ஆட்டம், அதைவிடக் கொஞ்சம் கிட்டத்தில், இந்த மனைக்கட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி.

அதே மண் என்று எழுதியிருக்கிறாய். துகள் அதேதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ வெட்டின சுவர் மண் தலைக்கு மேல் அத்தனை உயர மண்ணை எத்தனையோ ஆயிரம் வருஷம் சுமந்து கிடந்தது. அந்தப் பாரத்தில் துகளும் துகளும் பக்கவாட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டன. மேலே இருந்ததைச் சுரங்கத்துக்காக எடுத்த பிறகும் அந்தப் பிடி போகாது. பறித்துக் கொட்டின மண்ணுக்கு அந்தப் பிடி இல்லை, அது நேற்றுப் பிறந்த மண். மேலே பத்து மூட்டை அடுக்கி ஒரு போகம் கிடந்த நெல் மூட்டையும், இப்போதுதான் களத்தில் வாரிக் கட்டின மூட்டையும் தொட்டாலே வேறாகத் தெரியுமே, உனக்கா தெரியாது?

வாயால் சொன்னால் நம்பமாட்டாய் என்றுதான் செய்து பார்த்தேன். உன் கட்டியில் ஒரு துண்டை ரப்பர் உறைக்குள் வைத்துத் தண்ணீர் ஏற்றி, நிலம் நடுங்குகிற மாதிரி மேலும் கீழும் அழுத்தி ஆட்டினேன். ஆட்டி ஆட்டி மெஷின்தான் சூடாயிற்று, மண் அசையவில்லை. இன்னொரு துண்டைக் கையால் நொறுக்கி, அதே எடை, அதே இறுக்கம் வருகிற மாதிரி நிரப்பி, அதே அளவு ஆட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே உள்ளே இருந்த தண்ணீர் துகள்களைத் தள்ளிப் பிரித்துவிட்டது. நின்ற மண் கண்ணெதிரே கூழாகி, உறைக்குள் சப்பையாக உட்கார்ந்தது. ஏதாவது தவறாகச் செய்துவிட்டேனோ என்று மறுபடி மறுபடி செய்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படியேதான்.

உன் கட்டியை நம்பிக் கையெழுத்துப் போட்டால், சுரங்கச் சுவருக்குச் சான்று கொடுத்து, பள்ளத்தில் குடிவைத்த மாதிரி ஆகும். போடமாட்டேன், அண்ணா. நீ எத்தனை கத்தினாலும் சரி, போடமாட்டேன்.

செந்தில்நாதனிடம் நீயே போய் உள்ளதைச் சொல்லிவிடு. நான் சொன்னால் கோள் சொன்னதாக ஆகும்.

செந்தாமரை


நெய்வேலி
20.8.2024

செந்தாமரைக்கு,

செந்தில்நாதன் சாரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

உனக்கு வேறு ஒரு செய்தி. மனைக்கட்டின் முகப்பில் கான்ட்ராக்டர் கட்டி முடித்த மாடல் வீட்டை நீ பார்க்கவில்லை. ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு, உள்ளேயே பாத்ரூம். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். ஆவணி பிறந்ததும் நல்ல நேரத்தில் அம்மாவைக் கூட்டிப்போய் அதில் பால் காய்ச்சினோம். உன் அண்ணி ஆதிலட்சுமி மாவிலை கட்டினாள். கான்ட்ராக்டர் ஆள் முனகினான். "விழாவரைக்கும் காவலுக்கு ஆள் வேணுமில்ல, எங்கம்மா இருக்கட்டும்" என்றேன். அம்மா அங்கேயே தங்கிவிட்டது. இப்போது அது குடியிருப்பது அந்த வீட்டில்தான்.

முதல் தடவை பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. ஆதிலட்சுமி பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். "சும்மாதாண்டி ஒக்காந்துகினு கீறேன், போ" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, தாமரை. உனக்கு வருகிறதா இல்லையா?

உன் மெஷின் சொல்வது நிஜம் என்று உனக்கு அத்தனை நம்பிக்கை இருந்தால், உன்னைப் பெற்றவள் அந்த மண்மேல்தான் படுத்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு பேசு. கையெழுத்துப் போடாவிட்டால் விழா நிற்கும். விழா நின்றால் மற்றவர்கள் கொட்டகையில் கிடப்பார்கள். அம்மாவை மட்டும் நான் வெளியே கூட்டிவர மாட்டேன். இது என் பிடிவாதம். உனக்கு மட்டும்தான் பிடிவாதம் இருக்குமா?

அறிவழகன்


ஹைதராபாத்
23.8.2024

அறிவழகனுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

ச்சீ! என்ன காரியம் செய்திருக்கிறாய்? என்னை வளைக்க அம்மாவைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தாயா? அதைப் பெருமையாக எழுதவும் செய்கிறாய். கடிதத்தைப் படித்துவிட்டு லேபில் எல்லார் முன்னாலும் அழுதேன். நீ எதிர்பார்த்த அழுகை இது இல்லை, ஆத்திரத்தில் வந்த அழுகை.

நாளைக்கே நிலம் ஆடும் என்று நான் சொல்லவில்லை. பத்து வருஷம் ஆடாமலும் இருக்கலாம். ஆடாமலே போனால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் கிடையாது. ஆனால் வீடு என்பது ஒரு ஆவணிக்குக் கட்டுவதா? அதில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து குடித்தனம் பண்ணப் போகிறார்கள். என்றைக்கோ ஒரு நாள் ஆடுகிறபோது, உன் பேச்சை நம்பிக் கைதூக்கினவர்கள் எல்லாரும் உள்ளே இருப்பார்கள்.

என் மெஷினை நம்பவேண்டாம். உன் கையையே நம்பு. இரண்டு பிளாஸ்டிக் டப் எடுத்துக்கொள். அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணி வைத்து அடை. மாடல் வீட்டுக்குப் பின்னால் தோண்டி, அந்த ஈர மண்ணை இரண்டிலும் ஒரே மாதிரி நிரப்பு. ஒன்றை அப்படியே விட்டுவிடு. இன்னொன்றின் மேல் பலகை வைத்து, கொட்டகையில் கிடக்கிற அம்மிக்கல்லையும் ஆட்டுக்கல்லையும் ஏற்றி, தண்ணீர் வடிய விட்டுச் சில நாள் வை. பிறகு கல்லை இறக்கிவிடு. ஓட்டைகளை அடைத்து, இரண்டிலும் மண் மினுமினுக்கிற அளவுக்குத் தண்ணீர் விட்டு ஊற வை. டப்புக்கு ஒரு செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தி, டப்பின் விலாவில் உலக்கையால் தட்டிக்கொண்டே இரு.

என்ன நடந்தது என்று எழுது. நான் சொன்னது பொய் என்றால் அதையும் எழுது. அதற்கு முன்னால் அம்மாவை வெளியே கூட்டி வா.

செந்தாமரை


நெய்வேலி
3.9.2024

தாமரைக்கு,

உன்னைப் பொய்யாக்கத்தான் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடி கொட்டகையில் நாலு நாள் கல் ஏற்றி இறக்கின பிறகு, நேற்று ஷிஃப்ட் முடிந்து வந்து, மாடல் வீட்டுக் கொல்லையில் இரண்டு டப்பையும் வைத்தேன். ஆதிலட்சுமி இருந்தாள். அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. முதல் டப்பில் தட்டினேன். பத்துத் தட்டு வரைக்கும் ஒன்றுமில்லை. "பாத்தியாடி உன் நாத்தனார் படிப்ப" என்று ஆதிலட்சுமியிடம் சிரித்தேன். இன்னும் நாலு தட்டுத் தட்டியிருப்பேன். மண்மேல் தண்ணீர் கொப்பளித்து வந்தது. செங்கல் ஆடி, ஒரு பக்கம் சாய்ந்து, களுக்கென்று உள்ளே போய்விட்டது. மேலே ஒரு முனைகூடத் தெரியவில்லை. கைவிட்டுத் தேடினால் முழங்கைவரை கூழ்.

அம்மா கீரையைக் கீழே வைத்தது. "இன்னொரு தபா பண்ணு" என்றது. மண்ணைக் கொட்டி, நிரப்பி, மறுபடி தட்டினேன். மறுபடி முழுகிப் போயிற்று.

கல் ஏற்றி இறக்கின டப்பை அப்புறம் தட்டினேன். கை வலிக்கிறவரைக்கும் தட்டினேன். செங்கல் லேசாகச் சாய்ந்தது. முழுகவில்லை. அதே குழியில் எடுத்த அதே மண், தாமரை. என் கையாலேயே நிரப்பினது.

அம்மா கேட்டது: "இது இன்னாடா வெளாட்டு? தாமர சொல்லி உட்டாளா?" வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் வெட்டினதை, உன் கடிதங்களை, எதற்காக அதை இங்கே கூட்டி வந்தேன் என்பதை. திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை. எழுந்து உள்ளே போய், பால் காய்ச்சின பாத்திரத்தையும் புடவை மூட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தது. "அண்ணனும் தங்கச்சியும் என்ன வெச்சிப் பந்தயம் கட்டிக்கினு கீறீங்க" என்றது. முட்டிவலியோடு கொட்டகைவரைக்கும் நடந்தே போயிற்று. வண்டியில் ஏறச் சொன்னேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் திறந்து, ஒருமுறை சத்தம் கேட்டுவிட்டுத்தான் வந்தது என்று ஆதிலட்சுமி சொல்கிறாள்.

செந்தில்நாதன் சாரிடம் இன்று காலையில் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊர்ப் பக்கம்னா இதுக்கு வெட்டே விழும்வே" என்றார். வெட்டியிருந்தால்கூடத் தேவலை.

சங்கத்தாருக்கு இன்னும் தெரியாது. விழாவுக்குப் பந்தல்கால் நட்டாயிற்று. ஏதாவது வழி இருக்கிறதா, சொல். இடத்தை விட்டுவிடு என்று மட்டும் எழுதாதே. அதற்கு அவர்கள் என்னைப் புதைத்துவிடுவார்கள்.

அறிவழகன்


ஹைதராபாத்
6.9.2024

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே சீஃபோடு உட்கார்ந்து எழுதுகிறேன். வழி இருக்கிறது. அதை நீயே கொல்லையில் செய்து பார்த்துவிட்டாய்.

கல்லுக்குப் பதில் மண். மனைக்கட்டு முழுக்க, வீட்டுப் பாரத்தைவிடப் பல மடங்கு பாரம் வருகிற மாதிரி, மூன்று ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிப் பரப்ப வேண்டும். அடியில் இருக்கிற தண்ணீர் வடிந்து, தரை இறங்கி, இறங்குவது நிற்கிறவரைக்கும் அப்படியே விட வேண்டும். வண்டல் கலந்த மணல், அவசரப்படாது, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் ஆகும். அப்புறம் கொட்டினதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். ஒரு தடவை பெரிய பாரத்தைச் சுமந்து இறக்கின தரை, சின்ன வீட்டை நடுக்கத்திலும் தாங்கும். பிறகு புது சாம்பிள் எடுத்துப் பார்த்து, தேறினால் கையெழுத்துப் போடுவேன்.

கசப்பான விஷயம் ஒன்று இருக்கிறது. மாடல் வீடு அங்கே நிற்கக்கூடாது. அதன் அடியிலும் பாரம் ஏற வேண்டும். இடிக்கத்தான் வேண்டும்.

கான்ட்ராக்டருக்கும் அதிகாரிகளுக்கும் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டோம். சாம்பிள் வேறு இடத்து மண் என்பதால் செல்லாது என்று எழுதியிருக்கிறேன். யார் வெட்டினது என்று எழுதவில்லை. அதை ரிப்போர்ட்டில் எழுதுகிற வழக்கம் இல்லை. ஆனால் சங்கத்தாரிடம் நீதான் சொல்ல வேண்டும். வேறு யார் வாய் வழியாகப் போனாலும் கெட்டுப்போகும்.

பந்தயம் என்று அம்மா சொன்னது என்னையும் சேர்த்துத்தான். அது சொன்னது சரி. உன்னை ஜெயிக்க வேண்டும் என்ற வெறி எனக்கும் இருந்தது. அம்மாவிடம் பேச வேண்டும் என்று ஆதிலட்சுமி அண்ணிக்கு ஃபோன் போட்டேன். "வேணாம்னு சொல்லச் சொல்லுது" என்றார்கள்.

தைரியமாக இரு.

தாமரை


நெய்வேலி
22.9.2024

தாமரைக்கு,

சொல்லிவிட்டேன். விழாப் பந்தலிலேயே கூட்டம் போட்டுச் சொன்னேன். டப்பைக் கொண்டுபோய் எல்லார் முன்னாலும் தட்டிக் காட்டினேன். செங்கல் முழுகினபோது சத்தமே இல்லை. அப்புறம் வந்த சத்தத்தை எழுத முடியாது. ஒருத்தன் டப்பை உதைத்துக் கவிழ்த்தான். "உன் தங்கச்சி படிப்புக்கு எங்க வூடா கெடச்சிது?" என்று ஒரு பெண்பிள்ளை மண்ணை வாரித் தூற்றினாள். வாங்கிக்கொண்டேன்.

சடையப்பன் மாமா கடைசிவரைக்கும் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்தார். "எனக்கு எழுவது தாண்டிட்ச்சி. நீ சொல்ற மழ, கோட எல்லாம் முடியறப்ப நான் இருப்பனோ என்னமோ. ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சங்கத்துச் சாவியை மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடு என்று யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டை அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள், மாடல் வீட்டை ஜேசிபி வந்து இடித்தது. பாத்ரூம் கதவை மட்டும் நான் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன், தாழ்ப்பாளோடு. கொட்டகை மறைப்பில் இரண்டு கம்பு நட்டு அதை மாட்டினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் உபயோகப்படுத்துகிறது.

டம்பர்கள் வரிசையாக வந்து மண் கொட்டுகின்றன. நெய்வேலியில் மண்ணுக்கா பஞ்சம்? அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொட்டகையில் இருக்க முடியவில்லை. நம் வீட்டைப் புதைக்கிற மாதிரி இருக்கிறது. நீ சொன்னது மட்டும் தப்பாகப் போகட்டும், அப்புறம் பார்.

அறிவழகன்


நெய்வேலி
18.1.2025

தாமரைக்கு,

பொங்கலுக்கு நீ வரவில்லை. அம்மா உன்னோடு பேசாமல் இருக்கும்போது எந்த முகத்தோடு வருவாய் என்று எனக்கும் புரிகிறது.

மண்மேட்டின் நடுவில் செந்தில்நாதன் சார் இரும்புத் தகடு புதைத்து, அதிலிருந்து கம்பி நிறுத்திச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். தரை இறங்க இறங்கக் கம்பியும் இறங்குகிறது. முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். மழையில் ஒருநாள் போனால் சடையப்பன் மாமா குடையோடு நிற்கிறார். என்னோடு பேசவில்லை. கம்பியைக் காட்டி, "எறங்கிக்கினுதான் கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் பாதி ஜனம் அங்கேதான். வீடு இறங்கினால் அழுவார்கள், தரை இறங்கவில்லை என்றால் இவர்களுக்குக் கோபம் வருகிறது. என்ன ஜனமோ!

அம்மா இன்னும் உன் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் நான் இதை எழுதும்போது பக்கத்தில் வந்து, "சளி புடிச்சிருந்துதே, தேவலயாமா?" என்றது. யாருக்கு என்று கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டது.

அறிவழகன்


நெய்வேலி
14.7.2025

தாமரைக்கு,

மேட்டை எடுத்தாயிற்று. கம்பி இறங்குவது நின்று நாளாகிறது. செந்தில்நாதன் சார் ஆள் வைத்துக் குழாயில் சாம்பிள் எடுத்தார். இந்தத் தடவை மண் குழாயில் நின்றது! முதல் குழாயைத் தூக்கினபோது எல்லாரும் கைதட்டினார்கள், கோயிலில் தேர் நகர்ந்த மாதிரி.

எங்கெங்கே எடுக்கலாம் என்று அவர் என்னைக் கேட்டார். என்னைப் போய்க் கேட்டார், பார். ஸ்ப்ரெடர் கொட்டின காலத்தில் நான் அங்கே ஷிஃப்டில் இருந்தவன். எங்கே சேறு தேங்கிக் கிடந்தது, எங்கே பம்பு வைத்து இறைத்தும் முடியாமல் அப்படியே மேலே கொட்டி மூடினார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இடங்களாகப் பார்த்துக் காட்டினேன். "நல்ல எடமா ஒண்ணு ரெண்டு எடுக்கலாம்லா?" என்றார். வேண்டாம் சார் என்றேன்.

சிவப்புத் துணி கட்டின குழாய்தான் எல்லாவற்றிலும் மோசம். தெற்கு ஓர வரிசை, பழைய சேற்றுக்குட்டை. அதில்தான் நம் மனை. தலைவனாக இருந்துகொண்டு நல்லதை அமுக்கிக்கொண்டான் என்று யாரும் சொல்லக்கூடாது என்று எல்லாரும் எடுத்த பிறகு மீந்ததை நான் எடுத்துக்கொண்டேன். அது உனக்குத் தெரியாது.

நன்றாக ஆட்டிப் பார். எனக்காக ஒரு தட்டுகூடக் குறைக்காதே.

அறிவழகன்


ஹைதராபாத்
11.8.2025

அண்ணனுக்கு,

இதை எழுத உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்து போய்விட்டேன்.

தேறிவிட்டது. சிவப்புத் துணி தவிர எல்லாக் குழாயும் தேறிவிட்டது. போன வருஷம் நான் நொறுக்கி நிரப்பின அதே ஜாதி மண், பாரம் சுமந்து இறக்கின பிறகு, அத்தனை ஆட்டத்தையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. சீஃப் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

தெற்கு வரிசை தேறவில்லை. சேறு அதிகம், தண்ணீர் இன்னும் முழுசாக வடியவில்லை. அந்த வரிசைக்கு மட்டும் மறுபடி மண் ஏற்றி இன்னொரு மழைக்காலம் விட வேண்டும். நம் மனைக்கும்தான்.

நீ அந்த ஒரு குழாயை அனுப்பாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அம்மா இந்த ஆவணியில் உள்ளே போயிருக்கும். இதை நினைக்க நினைக்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, அண்ணா. உனக்குக் கோபம் வந்தால் திட்டி எழுது. நான் வாங்கிக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இன்று போகிறது, தெற்கு வரிசை நீங்கலாக.

தாமரை


நெய்வேலி
5.9.2025

தாமரைக்கு,

திட்ட ஒன்றுமில்லை. மோசமானது என்று தெரிந்துதானே கட்டி அனுப்பினேன்.

தெற்கு வரிசைக்காரர்களில் இரண்டு குடும்பம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறது. நானும் அதே வரிசை என்பதால் அவர்களால் வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியவில்லை. டம்பர் நேற்று வந்தது. நம் மனைமேல் முதல் லோடு மண் விழுந்தபோது நான் நின்று பார்த்தேன். போன வருஷம் மாதிரி இல்லை. இன்னும் ரெண்டு லோடு சேர்த்துப் போடப்பா என்று டிரைவரிடம் சொன்னேன்.

மற்ற வரிசைகளில் அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டியாகிவிட்டது. சடையப்பன் மாமா மனைக்கு நேற்றுக் காலையில் பூஜை. இருப்பனோ என்னமோ என்று சொன்ன மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையும் கையுமாக நின்றார். நான் ரோட்டு ஓரத்திலேயே நின்றேன். "அங்க என்னாடா வேடிக்க? வந்து கல்லப் புடி" என்று சத்தம் போட்டார். போய்ப் பிடித்தேன். அவர் கையும் என் கையும் சேர்ந்துதான் கல் வைத்தோம்.

அம்மாவும் வந்திருந்தது. அந்தப் பால் பாத்திரத்தைத் தேய்த்துக் கையில் கொண்டுவந்து மாமா சம்சாரத்திடம் கொடுத்தது. "வூடு முடிஞ்சா இதுல காய்ச்சு. அப்பறம் எனக்குத் திருப்பிக் குடுத்துடணும், எனக்கும் வேணும்" என்றது.

திரும்பி வரும்போது வண்டியில் ஏறிக்கொண்டது. பாதி வழியில் கேட்டது, "எந்த எடத்து மண்ணு ரொம்ப மோசம்னு அவகிட்ட நீயாத்தான் சொன்னியா?" ஆமாம் என்றேன். கொட்டகை வந்தது. இறங்கினதும், "அவளுக்குப் போனப் போடு, நான் பேசணும்" என்றது.

நான் போட்டால் மறுபடி கத்திக்கொள்வோம், அதனால் இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் நீயே போடு. நான் எடுத்து நேராக அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அறிவழகன்